டானிக் இருக்கட்டும், வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் எத்தனை நாளாக?

கேள்வி: எங்கள் ஊர் வாழப்பாடி பக்கம். மூன்றாம் ஈத்து ஜெர்சி கலப்பு மாடு, ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. ஆச்சு ஒன்றரை மாதம். நஞ்சுக்கொடி விழாமல் தொங்கியதால் வீட்டுக்காரரே கைவிட்டு எடுத்தார். மருந்துக் கடையில் கர்ப்பப்பை டானிக் என்று ஒன்று கொடுத்திருக்கிறார்கள். எத்தனை நாள் ஊற்ற வேண்டும்? சினை ஊசி எப்போது போடலாம்? தரகர் வீரகனூர் சந்தையில் தள்ளிவிடச் சொல்கிறார். வீட்டுக்காரர் மூன்று வாரமாகக் காய்ச்சல், இடுப்பு வலி என்று படுத்திருப்பதால் நான் ஒருத்திதான் பார்க்கிறேன். ஆறு மாதக் கிடேரி ஒன்றும் இருக்கிறது.

பதில்: அம்மா, ஆள் இல்லாத குறையைச் சொல்ல வந்த இடத்தில் காய்ச்சலையும் சொல்லிவிட்டீர்கள். நல்லதாகப் போயிற்று. மாடு இரண்டு நாள் காத்திருக்கும். நாளைக் காலை முதல் வேலையாக அவரைச் சேலம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “எங்கள் மாடு கன்று வீசியது, இவர் வெறுங்கையால் நஞ்சுக்கொடி எடுத்தார், புருசெல்லா சோதனை செய்து பாருங்கள்.” மாட்டைக் குறைமாதத்தில் கன்று வீச வைக்கும் கிருமிதான் இந்தப் புருசெல்லா; மனிதருக்கும் தொற்றிக் காய்ச்சல் தரும். சாயங்காலமானால் குளிர், ராத்திரி சட்டை நனைகிற வேர்வை, காலையில் ஒன்றுமில்லாதது போல எழுந்து உட்காருவது, மூட்டு, இடுப்பு வலி, சில ஆண்களுக்கு விதை வீக்கம். இதெல்லாம் அந்தக் காய்ச்சலின் போக்கு. அதுதான் என்று உறுதியானால் இரண்டு மருந்து சேர்த்துக் குறைந்தது ஆறு வாரம் கொடுப்பார்கள். பத்தாம் நாள் தெம்பு வந்ததும் நிறுத்தினால் திரும்ப வரும்.

சொந்த அனுபவத்தில் சொல்கிறேன். வேலைக்கு வந்த புதிதில், கையுறை வண்டியிலேயே இருந்தும் எடுக்கச் சோம்பல்பட்டு இதே வேலையைச் செய்தேன். அப்புறம் டைபாய்டு என்று ஒரு மருத்துவமனையில் பல நாள் படுக்கை. மாட்டு டாக்டர் என்று சொல்லிக்கொண்டேனே தவிர, கன்று வீசிய மாட்டைத் தொட்டேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களும் கேட்கவில்லை. மனித வைத்தியமும் மாட்டு வைத்தியமும் பேசிக்கொள்ளாத வரை இப்படித்தான் நடக்கும். மால்டா தீவில் ஆங்கிலேயச் சிப்பாய்களை வாட்டிய இதே காய்ச்சலுக்கான கிருமியை 1887இல் ராணுவ டாக்டர் டேவிட் புரூஸ் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் அது ஆட்டுப்பால் வழியாக வருகிறது என்று தெரிய 1905 ஆயிற்று. அதுவரை ஆட்டை யாரும் சந்தேகிக்கவில்லை.

சரி, மாடு. கன்று வீசுவதற்குக் கீழே விழுந்தது, எலிக்காய்ச்சல் கிருமி, பூஞ்சை பிடித்த தீவனம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் ஏழாம் மாதம், நஞ்சுக்கொடி விழாதது, வீட்டில் காய்ச்சல் என்று மூன்றும் சேர்ந்தால் முதலில் புருசெல்லாவால் வரும் கன்று வீச்சு நோயைத்தான் பார்க்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். வண்டி வேண்டுமானால் 1962க்கு அழையுங்கள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு ரத்தநீரையும் ஒரு சொட்டு ரோஸ் நிற மருந்தையும் கலப்பார்கள். நான்கு நிமிடத்துக்குள் திரிந்த பால் மாதிரி துகள் துகளாகக் கட்டினால் சந்தேகம் வலுக்கிறது. அதன்பின் வேறொரு சோதனையில் உறுதி செய்வார்கள். அதுவரை சினை ஊசிப் பேச்சு வேண்டாம்.

டானிக்கை நிறுத்துங்கள். இந்த நோய் வந்த மாடு பெரும்பாலும் ஒரு முறைதான் வீசும். அடுத்த ஈத்தில் டானிக் ஊற்றினாலும் ஊற்றாவிட்டாலும் நிறைமாதக் கன்று ஈனலாம். பேர் கடைக்காரருக்குப் போய்விடும். ஆனால் கிருமி உள்ளேயே இருந்து பாலிலும் ஈற்று நீரிலும் வந்துகொண்டிருக்கும். மாட்டுக்கு இதைத் தீர்க்கும் மருந்து நடைமுறையில் இல்லை. தரகர் சொன்னபடி செய்தால் இன்னொரு கட்டுத்தரைக்கு நோயை விலைக்கு விற்கிறீர்கள். நல்ல மாடு என்று நம்பி வாங்குபவரும் உங்களைப் போல ஒருத்திதானே?

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று: அந்த நஞ்சுக்கொடியை என்ன செய்தீர்கள்? நம் பக்கத்தில் பதில் எனக்குத் தெரியும். வைக்கோல் சுற்றிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டிருப்பீர்கள். பால் வடிகிற மரம், மாட்டுக்கும் பால் பெருகும் என்ற நம்பிக்கை. நான் ஒருமுறை அப்படி ஒரு மரத்தடியில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். சாக்கின் அடியிலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே நாய் நக்கியது, மேலே காக்கை கொத்தியது, நிழலுக்கு ஒதுங்கிய ஆடுகள் அந்த இடத்துப் புல்லையே மேய்ந்தன. வீசிய கன்றிலும் நஞ்சுக்கொடியிலும்தான் கிருமி கோடிக்கணக்கில் இருக்கிறது. கோபப்பட்டுப் பயனில்லை என்பதால் இப்போதெல்லாம் நம்பிக்கையை விடச் சொல்வதில்லை, இடத்தை மட்டும் மாற்றச் சொல்கிறேன். மரத்தடியை விட்டுத் தள்ளி, கிணறும் வாய்க்காலும் இல்லாத பக்கம், நான்கடி ஆழக் குழி, மேலே சுண்ணாம்பு, அதற்கு மேல் மண், முள். சாமி கும்பிட வேண்டுமானால் அங்கேயே கும்பிடுங்கள். எடுக்கிறவர் கையில் உறை இல்லையென்றால் தொடவே வேண்டாம், டாக்டர் வரட்டும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் கட்டுத்தரைப் பக்கமே அனுப்பாதீர்கள். பாலைப் பொங்கக் காய்ச்சாமல் யாரும் குடிக்கக் கூடாது. பச்சைப்பால் உடம்புக்கு நல்லது என்கிற உறவுக்காரருக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

கிடேரிக்கு ஆறு மாதம் என்றீர்கள், அதுதான் அவசரம். கன்று வீச்சு நோய்க்கான தடுப்பூசி நான்கிலிருந்து எட்டு மாதத்துக்குள், பெண் கன்றுக்கு மட்டும், ஆயுளில் ஒரே முறை. 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இலவசம். கடையில் வாங்கி நீங்களே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருப்பது உயிருள்ள கிருமி. ஊசி கை தவறிக் குத்தினால் குத்தியவருக்கே காய்ச்சல். சினை மாட்டுக்குப் போட்டால் கன்று வீசலாம். மருந்தகத்தில் போடும்போது காதில் பன்னிரண்டு இலக்கத் தோடும் மாட்டுவார்கள். ஆட்டுகிறது, புண்ணாகிறது என்று அதைக் கழற்றி எறியாதீர்கள்.