பாலம் ஒன்று, விசா இரண்டு

கே: ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. தோழி பக்கத்து நாடான டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருக்கிறாள். அவளுடன் தங்கி, அங்கேயே பகுதிநேர வேலை பார்த்துக்கொண்டு, தினமும் ரயிலில் லுண்டுக்குப் போய்வரலாமா?
– வாசகி, திருச்சி

ப: ரயிலில் சிக்கல் இல்லை. 2000-இல் இரு நாடுகளையும் இணைக்கும் ஓரெசுண்ட் பாலம் திறந்ததிலிருந்து ஏராளமானோர் அப்படித்தான் போய்வருகிறார்கள். சிக்கல் உங்கள் அனுமதி அட்டையில். ஸ்வீடன் தரும் மாணவர் அனுமதியோடு டென்மார்க்கில் 180 நாளில் 90 நாள் வரை சுற்றிப் பார்க்கலாம். குடியிருக்க முடியாது, வேலையோ, ஒரு மணி நேரம்கூடக் கூடாது. பாலத்தின் ஸ்வீடன் பக்கத்திலுள்ள மால்மோவில் வீடு, கோபன்ஹேகனில் வேலை என்று வாழும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களைப் பார்த்து நம்மவர்கள் ஏமாறுவது இங்கேதான். கோபன்ஹேகனில் படிப்பவர் வாடகை மலிவு என்று மால்மோவுக்கு மாறினாலும் ஆபத்துதான்: டென்மார்க் முகவரியைக் கைவிட்டால் டென்மார்க் தந்த அனுமதியே செல்லாமல் போகும்.

எனவே லுண்டிலோ மால்மோவிலோ அறை தேடுங்கள். கல்விக் கட்டணத்தின் முதல் தவணையைக் கட்டியபின் அனுமதிக்கு விண்ணப்பியுங்கள். அதற்கு முன் பாஸ்போர்ட் எப்போது காலாவதியாகிறது என்று பாருங்கள். அந்தத் தேதியைத் தாண்டி அனுமதி தரமாட்டார்கள். ஓராண்டுக்குக் குறைந்த அனுமதி என்றால் ஸ்வீடனின் தனிநபர் எண் (அங்கு வசிப்போருக்கு அரசு தரும் அடையாள எண்) கிடைக்காது. அது இல்லாமல் வங்கிக் கணக்கு தொடங்குவதே பெரும்பாடு. பாஸ்போர்ட்டை இப்போதே புதுப்பித்துவிடுவது மேல்.

கே: பி.டெக். முடித்துவிட்டேன். மேக்ஸ் 4 எக்ஸ்-கதிர் ஆய்வகம், ஈ.எஸ்.எஸ். நியூட்ரான் ஆய்வு மையம் இரண்டும் லுண்டில் இருப்பதால் அங்கே நேரடியாக பிஎச்.டி. சேர ஆசை.
– வாசகர், கோவை

ப: ஆசைக்குக் காரணம் இருக்கிறது. 2016-இல் திறந்த மேக்ஸ் 4-இல் எலக்ட்ரான்கள் சுற்றும் பெரிய வளையம் 528 மீட்டர் சுற்றளவு. அதன் எக்ஸ்-கதிர்களும், பக்கத்திலேயே ஈ.எஸ்.எஸ்.-இன் நியூட்ரானும் ஒரே டிராம் பாதையில். ஈ.எஸ்.எஸ்.-ஐ நடத்துவதில் டென்மார்க்கும் பங்காளி. அதன் தரவு மையம் டென்மார்க் கரையில்தான்.

ஆனால் ஸ்வீடனில் பிஎச்.டி.க்குப் பொதுத் தகுதி 240 கிரெடிட் (ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட்). அதில் 60 முதுகலை நிலையில் இருக்க வேண்டும். வெறும் பி.டெக். பெரும்பாலும் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். முதலில் முதுகலை முடியுங்கள். பிறகு பிஎச்.டி. என்பது சம்பள வேலை, கட்டணம் கிடையாது. பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் அறிவிப்பு வரும். அந்தக் குறிப்பிட்ட பணியிடத்துக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஸ்வீடனில் 4 ஆண்டு, பாடம் நடத்தினால் 5 வரை நீளும். டென்மார்க்கில் 3.

கே: ஸ்வீடன் முதுகலைக்கு எத்தனை இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்?
– வாசகர், மதுரை

ப: ஒரே விண்ணப்பத்தில் 4 படிப்புகள். ஜனவரி நடுவில் கெடு. கட்டணம் நான்குக்கும் சேர்த்து 900 ஸ்வீடிஷ் குரோனர். வரிசையில் கவனம் தேவை: மேலே உள்ளது கிடைத்தால் கீழே உள்ளவை தாமாக நீங்கிவிடும். 'எளிதாகக் கிடைக்கும்' என்று ஒன்றை முதலில் போட்டுவிட்டுப் பின்னால் புலம்புவோர் உண்டு. கட்டணமும் சான்றிதழ்களும் அடுத்த கெடுவுக்குள் சேராவிட்டால் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கவே மாட்டார்கள்.