அந்தப் பச்சை வண்டு பொன்வண்டு இல்லை

மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு அம்மா: அமெரிக்காவில் இருக்கும் மகள், பூவில் உட்கார்ந்திருந்த பளபளப் பச்சை வண்டைப் படம் எடுத்து அனுப்பினாள். நம் பொன்வண்டுதானே?

இல்லைம்மா. பொன்வண்டு தீப்பெட்டியை அடைத்துக்கொள்ளும். இது சுமார் 5 மில்லிமீட்டர்தான். பெயர் லெபியா விரிடிஸ். அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே 1823இல் பெயரிட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முதுகு ஓடு பின்பக்கம் கத்தரியால் நறுக்கியது போல நின்றுவிடும், வயிற்று நுனி வெளியே தெரியும். லெபியாவை நான் அப்படித்தான் கண்டுபிடிப்பேன்.

கல்லூரி மாணவர், புதுச்சேரி: தரை வண்டுக் குடும்பம் என்கிறார்கள். பூவில் என்ன வேலை?

நல்ல கேள்வி தம்பி. சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ராத்திரியில் தரையில் ஓடி வேட்டையாடுவார்கள். இது செடி ஏறும் வண்டு. கால் நகங்களில் சீப்புப் பல் மாதிரி வரிசை உண்டு, இலையில் பிடிமானம் கிடைக்கும். இதன் புழுவின் கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தொட்டால் எகிறிக் குதிக்கும் ஆல்டிகா என்ற இலைதின்னி வண்டு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடக்கும். லெபியா புழு அதைத் தேடிப் பிடித்து, ஒட்டிக்கொண்டு தின்றே வளர்கிறது.

திருப்பாதிரிப்புலியூர் வாசகர்: கையில் எடுத்தால் சுடுமா?

சுடாது. நீங்கள் நினைப்பது வெடி வண்டு. அதுவும் தரை வண்டுதான். கிட்டத்தட்ட 100 டிகிரி சூட்டில் திரவம் பீய்ச்சும். அதைத் தொடாதீர்கள்.

பாகூர் விவசாயி: இந்த மாதிரி வண்டை வரவழைத்து வயலில் விடலாமா?

வேண்டாம் ஐயா. லெபியாவின் புழுவுக்கு அதற்கென்று உள்ள இரை வேண்டும். இதன் பெரிய சொந்தம் லெபியா கிராண்டிஸ், ஆரஞ்சுத் தலையும் நீல முதுகுமாக இருக்கும். அது அங்கே உருளைக்கிழங்கை அழிக்கும் கொலராடோ வண்டின் முட்டையையும் புழுவையும் தின்கிறது. அந்தக் கொலராடோ வண்டே நம்மிடம் இல்லையே.

உங்கள் நெல்லில் ஏற்கெனவே ஒருவர் வேலை செய்கிறார்: ஓபியோனியா என்ற தரை வண்டு. எறும்பு போல மெலிந்த உடல், நீண்ட கழுத்து, செம்பழுப்பு முதுகில் கருநீலப் பட்டை. இலைச்சுருட்டுப் புழு மடித்து வைத்த இலைக்குள்ளேயே புகுந்து, ஒரு வண்டு நாளைக்கு 3 முதல் 5 புழு வரை தின்னும். நெல்லின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சியையும் விடாது. மருந்து தெளிக்கும் முன் சுருண்ட இலைகளில் பத்துப் பதினைந்தைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே புழு இல்லாமல் இந்த வண்டு ஓடினால், தெளிப்பானை அன்றைக்கு வெளியே எடுக்காதீர்கள்.