வாசகர் கேள்வி: கொசு தேடி வர்ற பச்சைப் பூ

கேள்வி: அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல இருக்கற பையன் வீட்டுக்கு வந்திருக்கேன். போன வாரம் மலைக்காட்டுக்கு நடக்கக் கூட்டிட்டுப் போனாங்க, அங்க ஊசியிலை மரத்தடியில ஈரப்பாசி மேல ஒரு குட்டிச் செடி, அடியில ஒரே ஒரு இலை, நடுவுல ஒரு காம்பு, அதுல பத்து பூ இருக்கும் எல்லாமே பச்சை, முதல்ல பூன்னே தெரியல. குனிஞ்சு மோந்து பாத்தா லேசா புல்லு வாசனை. ஆனா நிக்க முடியல, அவ்ளோ கொசு. மருமக அது ஆர்கிட்னு சொல்றா. ஆர்கிட்னா மரத்துல தொங்குற பெரிய கலர் பூ இல்லையா? வேரோட எடுத்து தொட்டியில வைக்கலாமா?

பதில்: மருமக சொன்னது சரிதாங்கம்மா. மரத்துல ஒட்டி வளர்றது வெப்பமான நாட்டு ஆர்கிட்ல நிறைய உண்டு, ஆனா பனி விழுற ஊர்ல கிட்டத்தட்ட எல்லா ஆர்கிட்டுமே மண்ணுலதான் வளரும், குளிர் காலம் முழுக்க மண்ணுக்குள்ள பதுங்கியிருந்துட்டு வெயில் வந்ததும் தலை காட்டும். நீங்க சொல்ற அடையாளத்துக்கு, அதுலயும் அந்த ஒத்தை இலைக்கு, இது பிளாட்டாந்தெரா ஒப்டுசாட்டாவாத்தான் இருக்கணும். இலை நுனி கூர்மையா இல்லாம மழுங்கியிருக்கும், அதனால வந்த பேரு. இதோட சொந்தக்கார ஆர்கிட் சிலதும் பச்சையாத்தான் பூக்கும், ஆனா அதுங்களுக்கு காம்பு நெடுக இலை இருக்கும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். நீங்க கொசுத் தொல்லைன்னு எழுதியிருக்கீங்க, ஆனா அந்தக் கொசுங்கள்ல சிலது அந்தப் பூவைத் தேடியே வந்திருக்கும்! கொசு ரத்தம் மட்டும் குடிச்சு வாழுதுன்னு நினைக்கிறோம், அப்படி இல்ல, ஆண் கொசு கடிக்கவே கடிக்காது, பெண் கொசுவும் முட்டை வைக்கத்தான் ரத்தத்துக்கு வரும், மத்தபடி ரெண்டுக்குமே சாப்பாடு பூந்தேன்தான். இந்தப் பூவுக்குப் பின்னால வால் மாதிரி ஒரு சின்னக் குழாய் இருக்கும், தேன் அதுக்குள்ள. கொசு தலையை உள்ள விட்டுக் குடிக்கறப்போ மகரந்தம் தூளா கொட்டாம ஒரு கட்டியா பசையோட அதோட கண்ணுல ஒட்டிக்கும், அத சுமந்துட்டே அடுத்த பூவுக்குப் போய் அங்க விட்டுட்டு வரும். இதை 1913லயே கவனிச்சு எழுதியிருக்காங்க.

ஆனா கொசு ஏன் இந்தப் பூவுக்கு மட்டும் இப்படி வருதுன்னு 2020ல வந்த ஒரு ஆராய்ச்சியிலதான் தெளிவாச்சு, வாஷிங்டன் பல்கலைக்கழக ஆளுங்க பண்ணது, நீங்க இருக்கற அதே மாநிலத்துக் காட்டுலதான். பூச்சி வராதபடி பை கட்டி மூடுன செடியில காய் ரொம்பக் கம்மியாத்தான் பிடிச்சுது. அப்புறம் வாசனையப் பிரிச்சுப் பாத்திருக்காங்க. இந்தப் பூவுல நோனனால்ங்கற பொருள் தூக்கல், லைலாக் ஆல்டிஹைட் ரொம்பக் கொஞ்சம், பக்கத்துலயே பூக்குற சொந்தக்கார ஆர்கிட்கள்ல இது அப்படியே தலைகீழ். கொசு மூளையில இந்த ரெண்டும் வேற வேற இடத்தத் தூண்டுது, ஒண்ணு ஓங்குனா இன்னொண்ண அமுக்கிடுது, அதனால என்ன வாசனைங்கறத விட எந்த அளவுல கலந்திருக்குங்கறதுதான் கொசுவுக்கு முக்கியம். டெங்கு பரப்புற ஏடிஸ் ஈஜிப்தி கொசுவ வச்சும் இத சோதிச்சாங்க. நோனனால் நம்ம உடம்பு வாசனையிலயும் இருக்கு! எனக்கு இதப் படிச்சப்போ மெய் சிலிர்த்துடுச்சு, விரல் நகம் அளவு கூட இல்லாத பச்சைப் பூ எவ்ளோ நுணுக்கமா வாசனைய அளந்து கலக்குது பாருங்க.

தொட்டி விஷயம், தயவுசெஞ்சு எடுக்காதீங்கம்மா. தேசிய வனத்துல அனுமதியில்லாம செடியப் பிடுங்கறது சட்டப்படி தப்பு, அது ஒரு பக்கம். அனுமதியே கெடச்சாலும் வீட்டுல பிழைக்காது. ஆர்கிட் விதை தூசி மாதிரி இருக்கும், அதுக்குள்ள சேமிச்ச சாப்பாடே கிடையாது, மண்ணுல இருக்கற பூஞ்சை சேர்ந்து ஊட்டுனாத்தான் முளைக்கும், வளந்த அப்புறமும் வேருக்கு அந்தப் பூஞ்சையோட உறவு விடாது. அந்தக் குளிர், அந்தப் பாசி, அந்தப் பூஞ்சை எல்லாத்தையும் சேத்து நீங்க தொட்டிக்குக் கொண்டு வர முடியாது, ரெண்டு மாசத்துல வாடிப் போறதப் பாத்து மனசுதான் கஷ்டப்படும்.

அதுக்குப் பதிலா இன்னொரு தடவை போங்க, முழுக்கை சட்டை போட்டுக்கோங்க, பாசிய மிதிக்காம ஓரமா உக்காந்து பூ மேல வர்ற கொசுவ போன் கேமராவுல பெருசு பண்ணிப் பாருங்க. கண்ணு ஓரத்துல மஞ்சளா ஒரு கட்டி ஒட்டியிருந்தா அதுதான் மகரந்தம். படம் சரியா விழுந்தா எங்களுக்கு அனுப்பி வைங்க, அடுத்த இதழ்ல போடுறோம்.