தோல்விக்குச் சம்பளம் வாங்குவது யார்?

கேள்வி: என் பன்னிரண்டு வயது மகன் சிகாகோ வைட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் தீவிர ரசிகன். 2024 சீசனில் தொடங்கிய அழுகை இன்னும் ஓயவில்லை. நம் பிட்சர் பந்து போட்டால் எதிரணி அடித்து நொறுக்குகிறது. நம் ஆள் மட்டையைப் பிடித்தால் காற்றைத்தான் அடிக்கிறான். கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? பேசாமல் பையனைச் சிகாகோவின் இன்னொரு அணியான கப்ஸ் பக்கம் திருப்பிவிடலாமா?
— ஒரு வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

பதில்: கப்ஸ் விஷயம் கடைசியில். 'கோடி கோடியாகச் சம்பளம்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

உங்கள் பையனின் வேதனை நியாயமானது. 2024-இல் 162 ஆட்டங்களில் 121 தோல்வி. 1900-க்குப் பிறகு எந்த அணியும் ஒரே சீசனில் இத்தனை முறை தோற்றதில்லை. 1962-இல் 120 முறை தோற்ற நியூயார்க் மெட்ஸின் சாதனையையே முறியடித்துவிட்டார்கள். நடுவில் தொடர்ந்து 21 தோல்விகள். ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஓக்லாந்தில் ஒருவழியாக ஜெயித்தார்கள், அடுத்த இரண்டு நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோலின் வேலை போய்விட்டது. சீசன் முழுவதும் எடுத்தது 507 ரன், விட்டது 813. மறு வருஷமும் 102 தோல்வி. பன்னிரண்டு வயதில் இதைத் தாங்குவது லேசு இல்லை.

ஆனால் சம்பளம்? 2024-இல் அந்த அணியின் தலைசிறந்த பிட்சர் கேரட் குரோஷே. 146 இன்னிங்ஸில் 209 பேரை ஸ்டிரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமலே வெளியேற்றினார். அவருக்கு அந்த வருஷச் சம்பளம் எட்டு லட்சம் டாலர். உங்களுக்கும் எனக்கும் பெரிய தொகைதான். ஆனால் மேஜர் லீக் என்ற அந்தப் பெரிய லீகில் ஆட்டக்காரர் சங்க ஒப்பந்தப்படி கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சம் அந்த வருஷம் 7,40,000 டாலர். அதாவது அணியின் தலைசிறந்த ஆளுக்கு அடிமட்டக் கூலியை விடக் கொஞ்சம் கூட. பெரிய லீகில் ஆறு வருஷம் முடிக்கும்வரை ஒரு ஆட்டக்காரர் தன் விருப்பப்படி வேறு அணிக்குப் போக முடியாது. குரோஷேயை அந்த டிசம்பரிலேயே பாஸ்டனுக்குக் கொடுத்துவிட்டு நான்கு இளைஞர்களை வாங்கிக்கொண்டது வைட் சாக்ஸ். நான்கு மாதம் கழித்து பாஸ்டன் அவருக்கு ஆறு வருஷத்துக்கு 17 கோடி டாலர் எழுதிக் கொடுத்தது. உங்கள் கோடிகள் அங்கே இருக்கின்றன, வைட் சாக்ஸ் ஆடும் சிகாகோவின் தெற்குப் பகுதியில் இல்லை.

குரோஷேயின் கணக்கில் அந்த வருஷம் 6 வெற்றி, 12 தோல்வி என்று எழுதியிருக்கும். பிட்சருக்கு வெற்றி தோல்வி எழுதும் இந்த வழக்கத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் பல வாசகர்களோடு சண்டை போட்டிருக்கிறேன், இன்னும் போடுவேன். 2018-இல் மெட்ஸின் ஜேக்கப் டிகிராம் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 1.70 ரன்தான் கொடுத்தார். அவர் கணக்கில் வெறும் 10 வெற்றி, 9 தோல்வி. கூட ஆடுகிறவர்கள் ரன் எடுக்காவிட்டால் பந்து போட்டவன் என்ன செய்வான்? 'பிட்சர் சரியில்லை' என்று உங்கள் பையன் சொல்லும்போது எந்தக் கணக்கைப் பார்த்துச் சொல்கிறான் என்று கேளுங்கள். வெற்றி தோல்வியைப் பார்த்து என்றால் அந்தப் பத்தியைக் கையால் மறைத்துக்கொண்டு மற்றதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம் காற்றை அடிப்பது. மணிக்கு 95 மைல் வேகத்தில் வரும் பந்து பிட்சரின் கையை விட்டு மட்டைக்கு வந்து சேர ஏறக்குறைய 0.4 வினாடி. அதில் பாதி நேரத்துக்குள் அடிக்கலாமா விடலாமா என்று முடிவு செய்தாக வேண்டும். இதைப் பொறுப்போடு முடிச்சுப் போடுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது மைக்கேல் ஜோர்டனைத்தான். கூடைப்பந்தில் மூன்று பட்டங்கள் வென்று உச்சத்தில் இருந்தபோது அதை விட்டுவிட்டு, 1994-இல் இதே வைட் சாக்ஸ் நிறுவனத்தின் பர்மிங்ஹாம் அணியில் பேஸ்பால் ஆடப் போனார். அவரை விடப் பிடிவாதமாக உழைத்த விளையாட்டு வீரர் அந்த நாட்டில் இருந்தாரா என்று தெரியவில்லை. 127 ஆட்டங்களில் 114 முறை ஸ்டிரைக் அவுட் ஆனார், சராசரி .202, அதாவது ஐந்துக்கு ஒரு முறைதான் அடி சரியாக விழுந்தது. அடுத்த வருஷம் கூடைப்பந்துக்குத் திரும்பி மேலும் மூன்று பட்டங்கள் வென்றார். ஜோர்டனுக்குப் பொறுப்பு இல்லை என்று யாராவது சொல்லட்டும் பார்க்கலாம்.

அந்த பர்மிங்ஹாம் பெரிய லீகுக்கு இரண்டு படி கீழே உள்ள அணி. அங்கே ஆடுகிற இளைஞர்களுக்கு 2022 வரை குறைந்தபட்சச் சம்பளம் வருஷத்துக்கு 13,800 டாலர். சங்கம் அமைத்துப் போராடி, 2023-இல்தான் அதை 30,250 ஆக்கினார்கள். இருபத்திரண்டு வயதுப் பையன்கள் ஒரே வீட்டில் கும்பலாகத் தங்கி, குளிர்காலத்தில் வேறு வேலை பார்த்துப் பிழைத்தார்கள். இவர்களில் சிலர்தான் மேலே வந்து, சரியாகத் தயார் செய்யப்படாமலே பெரிய மைதானத்தில் நின்று தோற்கிறார்கள். விதை நெல்லுக்குக் காசு கொடுக்காதவன் அறுவடை இல்லையென்று நாற்றைத் திட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

திட்ட வேண்டிய ஆள் வேறு. 1981 முதல் அந்த அணி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் கையில் இருக்கிறது. 1988-இல் புது மைதானம் கட்டித் தராவிட்டால் அணியை ஃபுளோரிடாவுக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றார். ஜூன் 30 நள்ளிரவுக்குள் இல்லினாய் சட்டமன்றம் ஓட்டுப் போட வேண்டும், தாண்டினால் கூடுதல் பெரும்பான்மை தேவை. என்ன செய்தார்கள் தெரியுமா? நள்ளிரவு கடந்த பிறகும் கடக்கவில்லை என்று பதிவேட்டில் எழுதி மசோதாவை நிறைவேற்றினார்கள். ஒரு மாநிலமே ஒரு முதலாளிக்காகக் காலத்தை நிறுத்தியது! மக்கள் பணத்தில் எழுந்த அந்த மைதானத்தில்தான் உங்கள் பையன் உட்கார்ந்து அழுகிறான். 2024-இல், அணி தோற்றுக்கொண்டிருந்த அதே வருஷம், இன்னொரு புது மைதானத்துக்கு மறுபடியும் அரசுப் பணம் கேட்டார் ரைன்ஸ்டார்ஃப்.

1994-ஐயும் நான் மறக்கவில்லை. அந்த ஆகஸ்டில் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது வைட் சாக்ஸ் தன் பிரிவில் முதலிடத்தில் இருந்தது. அணியின் நட்சத்திரம் ஃபிராங்க் தாமஸ் பந்தை விளாசிக்கொண்டிருந்தார். சம்பளத்துக்கு உச்சவரம்பு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்ற முதலாளிகளில் ரைன்ஸ்டார்ஃப் முன்வரிசை. பட்டத்தை முடிவு செய்யும் உலகத் தொடரே ரத்தானது. இரண்டு வருஷம் கழித்து, அதே மனிதர் ஆல்பர்ட் பெல் என்ற ஆட்டக்காரருக்கு ஐந்து வருஷத்துக்கு ஐந்தரைக் கோடி டாலர் கொடுத்தார். அந்த நாளில் பேஸ்பாலில் அவ்வளவு யாரும் கொடுத்ததில்லை. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டு கழித்து வைட் சாக்ஸ் கொடுத்த ஆகப் பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஏழரைக் கோடி. அதே காலத்தில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணி தன் நட்சத்திரம் ஓடானிக்குக் கொடுத்தது எழுபது கோடி.

2024 செப்டம்பரில் அணியை விற்றுவிடு என்று மைதானத்தில் ரசிகர்கள் கோஷம் போட்டார்கள். சரியான ஆளைப் பார்த்துப் போட்ட கோஷம் அது. 2025 ஜூனில் முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவோடு விற்பனைக்கு வழிசெய்யும் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, ஆனால் 2029-க்கு முன் அணியின் பிடி கைமாறாது.

சரி, கப்ஸ். வேண்டாம். 2005-ஐப் பையனுக்குப் போட்டுக் காட்டுங்கள். லீக் இறுதிச் சுற்றில் ஏஞ்சல்ஸ் அணியோடு மார்க் பியூர்லி, ஜான் கார்லண்ட், ஃப்ரெடி கார்சியா, ஹோசே கான்ட்ரேராஸ் என்று நான்கு பிட்சர்கள் அடுத்தடுத்த நான்கு ஆட்டங்களில் ஒன்பது இன்னிங்ஸையும் தாங்களே போட்டு முடித்தார்கள். அப்புறம் ஹூஸ்டனை நாலுக்குப் பூஜ்யம் என்று வீழ்த்தி, 88 வருஷத்துக்குப் பிறகு பட்டம். அந்த உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில் கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பாதிரியார் இப்போது போப் பதினான்காம் லியோ. அவர் இன்னும் கட்சி மாறவில்லை. உங்கள் பையனும் மாற வேண்டாம். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும், ஆனால் மட்டையோடு நிற்கிறவனை விட்டுவிட்டு முதலாளியைத் திட்டச் சொல்லுங்கள்.