பழைய ஸ்டீல் ரோடு பைக்கை (மோட்டார் பைக் இல்லை, கியர் வைத்த சைக்கிள்) வாங்கி, கியரைக் கழற்றி சிங்கிள் ஸ்பீடாக மாற்றுவது பிரயோஜனமா?

காசு மிச்சமாகுமா என்று கேட்டால், ஆகாது. ஃபிரேம் சல்லிசாகக் கிடைத்துவிடும். அதற்கப்புறம் சக்கரம், டயர், டியூப், செயின், பிரேக் ஒயர், பிரேக் கட்டை என்று வாங்கி முடிப்பதற்குள் ஃபிரேம் விலையைத் தாண்டிப் போய்விடும்.

ஆனால் நீங்கள் கேட்பது அது இல்லை என்று நினைக்கிறேன். எங்கேயோ ஒரு ஃபோட்டோவைப் பார்த்திருப்பீர்கள். மெல்லிசான குழாய்கள், மூட்டுக்கு மூட்டு வேலைப்பாடு, பின்னால் ஒரே ஒரு பல்சக்கரம். யாராவது 'வாங்கு' என்று சொன்னால் போதும் என்ற நிலைமையில்தான் இந்தக் கேள்வியைப் போட்டிருக்கிறீர்கள். வாங்குங்கள். பெயின்டைப் பார்த்து வாங்காமல், அளந்து பார்த்து வாங்குங்கள், அவ்வளவுதான்.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. என் வண்டியை நானே பிரித்து நானே பூட்டியவன். "பழைய வண்டியைத் தொடுவதே பாவம்" என்று சண்டைக்கு வரும் சேகரிப்பாளர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: ஃபிரேமில் ஒரு இடத்தில்கூட நான் அரம் வைக்கவில்லை. கியர் மாட்டும் காது அப்படியே இருக்கிறது. கழற்றியதெல்லாம் டப்பாவில் பத்திரம், நாளைக்கே திரும்ப மாட்டலாம். அந்தக் காதை அறுத்து எறிந்துவிட்டு, பார்க்க சுத்தமாக இருக்கிறது என்று படம் போடுகிறார்களே, அவர்களைத் திட்டுங்கள். நானும் கூட வருகிறேன்.

என் வண்டியில் ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் இருந்தது. 1935-இல் வந்த மாங்கனீஸ்-மாலிப்டினம் எஃகுக் குழாய் அது. பட்டட் குழாயாக இருந்தால் மூட்டு வரும் முனையில் தடிமனாகவும் நடுவில் மெலிந்தும் இருக்கும், அதனால் எடை குறைவு. ஆனால் ஸ்டிக்கரை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். நான் நம்பியது சீட் போஸ்டின், அதாவது சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் இறங்கும் தண்டின், விட்டத்தை. வெர்னியர் அளவுகோலில் 27.2 மி.மீ. காட்டியது. நல்ல மெல்லிய குழாய் ஃபிரேம்களில் பெரும்பாலும் அந்த அளவுதான் வரும். சாதாரணத் தடிமன் குழாயென்றால் 26-ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ இருக்கும். இது முழு ஆதாரம் ஆகாது, ஆனாலும் ஸ்டிக்கரைவிட மேல்.

அந்த சீட் போஸ்ட் அசையவே இல்லை. "கொஞ்சம் ஆயில் விட்டா வந்துடும் சார்" என்றார் விற்றவர். வராது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அதைச் சொல்லித்தான் விலையைக் குறைத்தேன். எஃகுக் குழாய்க்குள் அலுமினிய போஸ்ட். இடையில் மழைத் தண்ணீரும் வியர்வை உப்பும் இறங்கினால் அலுமினியம் அரித்து, பொருமி, குழாயோடு இறுகிவிடும். வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி "தீயில காட்டு" என்றார்கள். சூட்டில் அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இரண்டும் சேர்ந்து சூடானால் இன்னும் இறுகும், பெயின்டும் போகும்.

நான் செய்தது வேறு. ஃபிரேமைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டு, பாட்டம் பிராக்கெட் (மிதியின் அச்சு சுழலும் பேரிங்) இருக்கும் ஓட்டை வழியாகத் துரு இளக்கும் எண்ணெயை சீட் குழாய்க்குள் ஊற்றி ஊற்றி ஊறவைத்தேன். அதற்கு முதலில் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்ற வேண்டும். இங்கேதான் மரையைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இங்கிலீஷ் மரை என்றால் செயின் பக்கத்துக் கப்பு (பேரிங்கைப் பிடித்திருக்கும் மரை போட்ட மூடி) எதிர்மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இத்தாலிய மரையிலும் பிரெஞ்சு மரையிலும் இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். கப்பின் முகத்தில் பெரும்பாலும் பொறித்திருப்பார்கள்: 1.370×24 என்றால் இங்கிலீஷ், 36×24 என்றால் இத்தாலி, 35×1 என்றால் பிரெஞ்சு. 35×1 என்று இருந்து கப்பும் தேய்ந்திருந்தால் நன்றாக யோசியுங்கள், மாற்றுக் கப்பு தேடியே அலுத்துப்போகும்.

எண்ணெய் நன்றாக இறங்கியபிறகு போஸ்டின் தலையை வைஸில் இறுக்கி, ஃபிரேமையே நெம்புகோலாக்கி, நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் திருகினோம். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு பல் கூசும்படி ஒரு 'கிறீச்'. அதற்கப்புறம் மயிரிழை மயிரிழையாகத் திரும்பி, வெள்ளை வெள்ளையாகப் பொடி கொட்டிக்கொண்டே வெளியே வந்தது. அதுவும் பலிக்கவில்லை என்றால் போஸ்டை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஆக்ஸா பிளேடால் உள்ளிருந்தே கீறி எடுக்க வேண்டியதுதான். கை ஒடிந்துபோகும் வேலை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கழுத்து பேரிங்கை இறுக்க 32 மி.மீ. தட்டை ஸ்பேனர் ஒன்று வைத்திருந்தேன். "நாளைக்கே தந்துடறேன்" என்று நண்பர் ஒருவர் வாங்கிப் போனார், போனதுதான். பணம் கடன் வாங்கியவனாவது எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். ஸ்பேனர் வாங்கியவன் சிரித்த முகத்தோடு "வண்டி எப்படி ஓடுது?" என்று கேட்கிறான்!

போகட்டும். காசைக் கொடுக்கும் முன் பின் சக்கர அச்சு உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள். படுக்கைவாக்கில் இருந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்தே செயினை விறைப்பாக வைக்கலாம். நேர் செங்குத்தாக இருந்தால் இந்த ஆசையை விட்டுவிட்டு கியரோடேயே ஓட்டுங்கள். செயினை இழுத்துப் பிடிக்க டென்ஷனர் மாட்டலாம் என்பார்கள். மாட்டலாம்தான், ஆனால் கியரைக் கழற்றிவிட்டுக் கியர் மாதிரியே ஒன்றைத் தொங்கவிடுவதில் என்ன இருக்கிறது? அடுத்து, கழுத்துக்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கம் விரலால் தடவுங்கள். சுருக்கமோ புடைப்போ தட்டுப்பட்டால் முன்னால் எதன்மீதோ மோதிய வண்டி. பேசாமல் வந்துவிடுங்கள்.

சக்கரம் 27 இன்ச் என்றால் ரிம்மில் டயர் அமரும் விட்டம் 630 மி.மீ. இப்போதைய சக்கர அளவான 700சி என்பது 622. ஆரத்தில் 4 மி.மீ. வித்தியாசம், பிரேக் கட்டை அவ்வளவு கீழே இறங்க வேண்டும். என் பிரேக்கில் பள்ளம் தாராளமாக இருந்ததால் இறங்கிவிட்டது. பின் ஃபோர்க்கின் உள் அகலம் 126. நான் வாங்கிய ஹப் (சக்கரத்தின் நடு உருளை) 120. பக்கத்துக்கு 3 மி.மீ. வாஷர் போட்டதும் கச்சிதமாக உட்கார்ந்தது. முன் பல்சக்கரத்தை கிராங்கின் (மிதியைப் பிடித்திருக்கும் கையின்) உள்வரிசையில் மாட்டுங்கள், செயின் நேராக ஓடும். வெளிவரிசையில் மாட்டினால் சாய்ந்து ஓடி சத்தம் போடும்.

பிரேக் இரண்டும் இருக்கட்டும். குரோம் பூசிய பழைய இரும்பு ரிம்மை வைத்துக்கொண்டு மழையில் இறங்காதீர்கள், பிடிக்கவே பிடிக்காது. அலாய் ரிம்முக்கு மாறுங்கள்.

பல் கணக்கு கேட்பீர்கள். சமதரையென்றால் முன்னால் 42, பின்னால் 16. ஒரு மிதி சுற்றுக்கு வண்டி ஐந்தரை மீட்டர் போகும். மேடு அதிகமென்றால் பின்னால் 18 போடுங்கள். பின் அச்சு உட்காரும் பள்ளம் போதிய நீளம் இருந்தால் செயினைத் தொட வேண்டியதில்லை, சக்கரம் 6 மி.மீ. வாக்கில் முன்னே நகரும். நகர்ந்ததும் பிரேக் கட்டை ரிம்மில் சரியாகப் படுகிறதா என்று மட்டும் பாருங்கள்.