படகை அடகு வைத்துத் தூதர் ஆக வேண்டாம்

பிளஸ் டூ முடிவு வந்த மறுவாரம், மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு, ராமேஸ்வரத்தை ஒட்டிய தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மீனவக் குடும்பம் என்னிடம் வந்தது. இந்தக் கரையிலிருந்து பெரும்பாலும் அம்மாக்கள்தான் பிள்ளைகளைக் கூட்டி வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலத்தின் 61 நாளில்தான் அப்பாக்களையும் பார்க்க முடியும். அன்றைக்கு அப்பா, அம்மா, மகள் மூவரும் வந்திருந்தார்கள். அம்மா கையில் பளபளப்பான ஒரு கையேடு. டெல்லிப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகம், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, விடுதியோடு சேர்த்து 20 லட்சத்தைத் தாண்டும். அட்டையில் தேசியக் கொடி கட்டிய கார்.

துபாயில் இருக்கும் தாய்மாமன் அனுப்பியது அது. “வக்கீலுக்குப் படிச்சவங்கதான் அம்பாசடர் ஆகுறாங்க, நம்ம வீட்டுலயும் ஒருத்தி ஆகட்டும்” என்று போனில் சொல்லியிருக்கிறார். பாதிப் பணம் அவர் தருவாராம். மீதிக்கு, மிச்சமிருக்கும் ஒரே விசைப்படகை அடகு வைக்கலாமாம். இன்னொரு படகு சித்தப்பாவோடு இலங்கையின் நெடுந்தீவுப் பக்கம் பிடிபட்டது. அவர் திரும்பிவிட்டார், படகு வரவில்லை.

அம்மா கேட்டது ஒன்றுதான்: “பணத்தைக் கட்டலாமா, வேண்டாமா?”

மதிப்பெண்ணைப் பாராட்டி இரண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் நேரே விஷயத்துக்கு வந்தேன். அன்று சொன்னதை, இதே மாதிரிக் கையேடு வந்து சேர்ந்த மற்ற வீடுகளுக்காகவும் இங்கே எழுதுகிறேன்.

கட்ட வேண்டாம், அம்மா. உங்கள் அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. வழக்கறிஞர்கள் தூதர் ஆகியிருக்கிறார்கள். எம்.சி. சாக்ளா 1958இல் அமெரிக்காவுக்குத் தூதராகப் போனார், நானி பல்கிவாலா 1977இல் போனார். லட்சுமி மால் சிங்வி 1991இல் லண்டனில் ஹைகமிஷனர், அதாவது அங்கே நம் தூதர், ஆனார். ஆனால் சாக்ளா அதற்கு முன்பு பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி. பல்கிவாலா, அரசியல் சாசனத்தின் அடிப்படையை நாடாளுமன்றமும் மாற்ற முடியாது என்று தீர்ப்பு வந்த கேசவானந்த பாரதி வழக்கை வாதாடியவர். அரசாங்கமே தேடி வந்து அனுப்பிய மனிதர்கள் அவர்கள். பதினெட்டு வயதில் சேர்ந்து, ஐந்தாண்டில் அந்த இடத்துக்குப் போய்ச் சேருகிற படிப்பு எந்த ஊரிலும் இல்லை. கையேட்டின் அட்டையில் அந்தக் காரைப் போட்டவர்களுக்கும் இது தெரியும்.

மற்றபடி நம் தூதர்களில் பெரும்பாலோர் யுபிஎஸ்சியின் குடிமைப் பணித் தேர்வு எழுதி வெளியுறவுப் பணிக்கு வந்து, பல ஆண்டு வேலை பார்த்தபின் அந்த நாற்காலிக்கு வருகிறவர்கள். அந்தத் தேர்வைப் பற்றிச் சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது, நான் நீட்டவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள். அதற்கு எந்தப் பட்டமும் போதும். 20 லட்சம் கட்டி வாங்கிய பட்டத்துக்கும் ராமநாதபுரத்தில் வாங்கிய பட்டத்துக்கும் அந்த விண்ணப்பத்தில் ஒரே மதிப்புதான்.

இதெல்லாம் முடிந்தபிறகு மகளிடம் தனியாகப் பேசினேன். கையில் ஒரு நோட்டு வைத்திருந்தாள். சித்தப்பா சிறையில் இருந்த நாட்களில் கலெக்டருக்கும் மீன்வளத்துறைக்கும் போன மனுக்களை எழுதியது இவள்தான். இலங்கையின் ஊர்க்காவற்துறை நீதிமன்றத்திலிருந்து வந்த தாளை வரிவிடாமல் நகல் எடுத்து, புரியாத சொல்லுக்கெல்லாம் அடிக்கோடு போட்டிருக்கிறாள். தூதர் ஆக ஆசையா என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு, “நாலு பேருக்கு முன்னாடி பேசச் சொன்னா எனக்குத் தொண்டை அடைக்கும் சார்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே கேட்டாள்: “கோர்ட்டுக்கு யாழ்ப்பாணத்துலேர்ந்து ஒரு இந்திய அதிகாரி வந்தாராம். அவரை யார் வரச் சொன்னது? வராம இருக்க முடியுமா?”

இத்தனை வருடத்தில் இந்தக் கேள்வியை என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. அதற்கு விடை ஒரு ஒப்பந்தத்தில் இருக்கிறது. 1963ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவு உடன்படிக்கை, 36ஆவது பிரிவு. வெளிநாட்டுக்காரர் ஒருவரைக் கைது செய்தால், அவருடைய நாட்டின் தூதரகத்தோடு தொடர்புகொள்ளும் உரிமை அவருக்கு உண்டு, தூதரக அதிகாரிக்கும் அவரைச் சிறையில் போய்ப் பார்க்கும் உரிமை உண்டு. பாகிஸ்தான் சிறையில் அடைத்த இந்தியர் குல்பூஷன் ஜாதவ் வழக்கில் 2019இல் சர்வதேச நீதிமன்றம் பாகிஸ்தான் தவறு செய்தது என்று தீர்ப்பளித்தது இந்தப் பிரிவை வைத்துத்தான். நம் ஆட்களைப் பார்க்க யாழ்ப்பாணத்திலிருந்து அதிகாரி வர முடிவதற்கு, 2010இல் அங்கே இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது காரணம்.

அம்மா, உங்கள் மகளுக்கான இடம் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. வெளியுறவு அமைச்சகத்துக்குள் சட்டம் மற்றும் ஒப்பந்தங்கள் பிரிவு என்று ஒன்று உண்டு. இந்தியா கையெழுத்திடும் ஒப்பந்தங்களை வரி வரியாகப் பார்ப்பது, குற்றவாளிகளை நாடு கடத்துவது முதல் கடல் எல்லை வரை அரசுக்குச் சட்ட ஆலோசனை சொல்வது, சர்வதேச நீதிமன்றங்களில் இந்தியாவின் வழக்கைத் தயாரிப்பது எல்லாம் அவர்கள் வேலை. நியூயார்க்கில் ஐ.நா.வுக்கான நம் தூதரகத்தில் சட்ட ஆலோசகராக உட்காருவதும் இவர்கள்தான். நீரு சத்தா என்பவர் இந்தப் பிரிவில் வேலை பார்த்து, அதன் தலைமைக்கு வந்த முதல் பெண் ஆனார். 2017இல் ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் சர்வதேசக் கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்கு நீதிபதியாகத் தேர்வானார். அந்த இருக்கைக்குப் போன முதல் இந்தியப் பெண்ணும் அவர்தான். மேடைப் பேச்சைவிட, ஒரு வாக்கியத்தை நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கும் பொறுமைதான் அங்கே பெரிதாக வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறது.

கடல் சட்டம் நம் வீட்டு வாசலில் கிடக்கும் பாடம். ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவைப் பாருங்கள். ஒரு நாட்டின் பொருளாதார மண்டலத்தில், அதாவது கரையிலிருந்து 200 கடல் மைல் வரை போகக்கூடிய கடல் பகுதியில், மீன்பிடிச் சட்டத்தை மீறிய வெளிநாட்டுப் படகுக்காரருக்கு, நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாவிட்டால், சிறைத்தண்டனை கொடுக்கக் கூடாது என்று அது சொல்கிறது. அப்படியென்றால் நம் ஆட்களுக்கு ஏன் ஜெயில் என்றுதான் தங்கச்சிமடத்தில் கேட்பார்கள். தனுஷ்கோடியிலிருந்து இலங்கையின் தலைமன்னார் 30 கிலோமீட்டர் அளவே. பாக் விரிகுடாவை வரலாற்று நீர்ப்பரப்பு, அதாவது காலங்காலமாகக் கரை நாடுகளே தங்களுடையதாக ஆண்டு வந்த கடல், என்று வகைப்படுத்துகிறார்கள், இந்தியாவும் இலங்கையும் செய்த 1974 ஒப்பந்தம் அதன் நடுவே கோடு போட்டது. அதனால் 73ஆவது பிரிவு இங்கே அப்படியே பொருந்துமா என்பதே ஒரு வழக்கு. அந்த வரலாற்று நீர்ப்பரப்பு வாதத்துக்கு எடுத்துக்காட்டும் பழைய தீர்ப்புகளில் ஒன்று நம் கரையுடையது. நூற்றிருபது வருடம் போல முன்னால், ராமநாதபுரம் ஜமீனின் சங்குப் படுகையில் சங்கு எடுத்தது திருட்டா என்று மெட்ராஸ் உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு அது. உலகமெங்கும் கடல் சட்டம் படிப்பவர்களின் புத்தகத்தில் நம் சங்கு இருக்கிறது. இதைச் சொன்னதும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்ததை நீங்களும் பார்த்தீர்கள்.

வழி இதுதான். ராமநாதபுரத்திலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது, 2017இல் தொடங்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே ஐந்தாண்டுப் படிப்புக்கு இடம் தருகிறார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 சதவீத இடஒதுக்கீட்டில் அவள் விண்ணப்பிக்கலாம், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். பஸ் பாஸ், புத்தகம், கறுப்புக் கோட்டு எல்லாம் சேர்த்தாலும் அந்தக் கையேட்டின் விடுதிக் கட்டணத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அதற்குப் பிறகு சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தில் சர்வதேசச் சட்டத்தில் முதுகலை. வெளியூர்ச் செலவு அப்போது வரட்டும். அதற்குள் அவளுக்கு 23 வயது, தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரிந்திருக்கும்.

கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. வெளியுறவு அமைச்சகத்தின் அந்தச் சட்டப் பிரிவுக்கு ஆண்டுதோறும் தேர்வு கிடையாது. காலியிடம் வரும்போது யுபிஎஸ்சி தனியாக அறிவிக்கும், இடங்கள் மிகக் குறைவு. முதுகலையோடு சில ஆண்டு வழக்கறிஞராகவோ ஆசிரியராகவோ ஆய்விலோ அனுபவமும் கேட்பார்கள். அந்தச் சில ஆண்டுகள் அவளுக்கு வீண் போகாது. ராமேஸ்வரம் கோர்ட்டிலும் மதுரைக் கிளையிலும் மீனவர் வழக்குகளுக்குப் பஞ்சமே இல்லை, கடல் சட்டம் தெரிந்த வக்கீல்கள்தான் குறைவு. நீதிபதித் தேர்வு எழுதலாம், கல்லூரியில் பாடம் எடுக்கலாம். பின்னாளில் கூச்சம் போய்த் தூதர் ஆசை அவளுக்கே வந்தால், யுபிஎஸ்சியில் சட்டத்தை விருப்பப் பாடமாக எடுத்து எழுதட்டும். ஓபிசி என்றால் 35 வயது வரை நேரம் இருக்கிறது. இது எதற்கும் படகு தேவையில்லை.

இன்னொரு கஷ்டம் ஆங்கிலம். தமிழ் வழியில் படித்தவள், ஒப்பந்தங்கள் எல்லாம் ஆங்கிலத்தில். இன்றிலிருந்து தினம் அரை மணி நேரம் ஒரே ஒரு பக்கம் படிக்கட்டும். ஐ.நா.வே சர்வதேசச் சட்ட விரிவுரைகளை வீடியோவாக இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. முதல் ஆறு மாதம் ஒன்றும் புரியாது. அப்போது யாரும் அவளைக் கேலி செய்யக் கூடாது, குறிப்பாக அண்ணன் தம்பிகள்.

அப்பா அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்திருக்கும்போதுதான், “மச்சானுக்கு என்ன பதில் சொல்றது?” என்று கேட்டார். அவர் மருமகள் மேல் வைத்திருக்கும் பாசம் பெரிது, அதை மறுக்கக் கூடாது. தருகிற பணத்தை அவள் பேரில் வங்கியில் போட்டு, முதுகலைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசுகிறேன்.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்துக்குச் சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்குத் தலைமையாசிரியர் தரும் சான்று மூன்றும் வேண்டும். கடைசிச் சான்றுக்குத்தான் அலைய வேண்டியிருக்கும். தடைக்காலம் முடிந்து நீங்கள் கடலுக்குப் போகும் முன்பே அதை வாங்கிவிடுங்கள்.