பேக்கரிக்கு 11 மாத வாடகை ஒப்பந்தம் போதுமா?

பேக்கரி தொடங்க நகருக்குள் ஒரு கடையைப் பேசி முடித்திருக்கிறீர்கள். உரிமையாளர் 11 மாத ஒப்பந்தமே போதும், பதிவெல்லாம் தேவையில்லை என்கிறார். அதை நம்பிக் கையெழுத்திடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடை வாடகை ஒப்பந்தங்களை எழுதுவதும் திருத்துவதும் அன்றாட வேலையாக உள்ள வழக்கறிஞன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படியே கையெழுத்திட வேண்டாம்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறுவதால், முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் தவிர்க்க வந்த வழக்கம்தான் இந்த 11 மாதக் கணக்கு. வீட்டுக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. சாமான்களை ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். பேக்கரியில் அடுப்புக்கான மேடை, புகைபோக்கி, தரைக்கல், மும்முனை மின் இணைப்புக்கான வயரிங் எனப் போட்ட பணத்தில் பெரும்பகுதி சுவரோடும் தரையோடும் ஒட்டிவிடுகிறது. பன்னிரண்டாவது மாதத்தில் உரிமையாளர் வாடகையை எவ்வளவு உயர்த்திக் கேட்டாலும் மறுக்க முடியாத நிலையில் நீங்கள் நிற்பீர்கள்.

பதிவு தேவையில்லை என்பதும் தமிழ்நாட்டில் இன்று சரியல்ல. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள, வீட்டு உரிமையாளர்கள், வாடகைதாரர்களின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டுச் சட்டம் நகர்ப்புறக் கடைகளுக்கும் பொருந்தும். அதன்படி, காலம் 11 மாதமே ஆனாலும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்ட வாடகை அதிகாரியிடம் பதிவாகவும் வேண்டும். எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளாததே வெளியேற்றம் கோருவதற்கு ஒரு காரணமாக அந்தச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. ஐந்தாண்டு என்று வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்வதும் பயன் தராது. பதிவு செய்யாத நீண்டகாலக் குத்தகையை மாதாமாத வாடகையாகவே கருத வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்துள்ளது.

ஆகவே குறைந்தது ஐந்தாண்டுக்குப் பேசி, வாடகை அதிகாரியிடம் பதிவதோடு சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்யுங்கள். 'லாக்-இன்' காலம், அதாவது ஒப்பந்தத்தை இடையில் முறிக்க முடியாத காலம், பற்றிய பிரிவை நிதானமாகப் படியுங்கள். பெரும்பாலான வரைவுகளில் அது வாடகைதாரரை மட்டுமே கட்டிப்போடும். அந்தக் காலத்தில் உரிமையாளர்தான் காலி செய்யச் சொல்ல முடியாது, நீங்கள் மூன்று மாத அறிவிப்பு தந்து விலகலாம் என்று எழுதக் கேளுங்கள். வாடகை உயர்வின் சதவீதத்தையும், காலி செய்யும்போது நீங்கள் எடுத்துச் செல்லக்கூடிய பொருள்களின் பட்டியலையும் ஒப்பந்தத்திலேயே சேர்த்துவிடுங்கள். கடையைத் திறக்கவே முடியாத காலத்துக்கு வாடகை உண்டா என்பதற்கும் ஒரு வரி தேவை. 2020 பொதுமுடக்கத்தில் ஒப்பந்தத்தில் அப்படியொரு வரி இல்லாத வாடகைதாரர்கள் நீதிமன்றத்தில் வாடகைத் தள்ளுபடி கோரியபோது, அதற்குச் சட்டத்தில் வலுவான பிடிமானம் இருக்கவில்லை.

இனி, உரிமையாளராகக் கையெழுத்திடுபவருக்குக் கடையை வாடகைக்கு விடும் உரிமை உண்டா என்பது. பட்டா, மூலப்பத்திரத்தின் நகல், வில்லங்கச் சான்று, சொத்து வரி ரசீது நான்கையும் கேட்டு வாங்குங்கள். தந்தை பெயரிலேயே இருந்த கடையை மூத்த மகன் மட்டும் கையெழுத்திட்டு வாடகைக்கு விட, இரண்டாம் ஆண்டில் தங்கை வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்பிய கோப்பு ஒன்று என்னிடம் வந்தது. வாடகைதாரர் யாரிடம் வாடகை கட்டுவது என்றே தெரியாமல் தவித்தார். வாரிசுகள் அனைவரும் கையெழுத்திட்டிருந்தால் அந்தத் தொல்லையே இல்லை. கட்டடம் வங்கி அடமானத்தில் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும்; அடமானம் வைத்தவர் தாமாகக் கட்டடத்தைக் குத்தகைக்கு விடும் அதிகாரம், அடமானப் பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாதவரை, மூன்றாண்டுக்கு மேல் செல்லாது. கோயில் இடமானால் ஐந்தாண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி தேவை.

கட்டடத்தின் அனுமதி வரைபடம் கடைக்கானதா, மின் இணைப்பு வணிகக் கட்டண விகிதத்தில் உள்ளதா என்பதையும் பாருங்கள். வீட்டு இணைப்பில் கடை நடத்தினால் அபராதம் உங்கள் தலையில் விழும். உணவுப் பாதுகாப்பு உரிமத்துக்கு விண்ணப்பிக்கும்போது இடம் உங்கள் வசம் இருப்பதற்கான சான்றாக இந்த ஒப்பந்தத்தையே கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், அதில் கதவு எண்ணும் பரப்பளவும் 'பேக்கரி' என்ற பயன்பாடும் தெளிவாக இருக்கட்டும்.

வரியைப் பொறுத்தவரை, நீங்கள் ஜிஎஸ்டி பதிவு பெற்று உரிமையாளர் பெறாதிருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் வாடகை மீதான 18 சதவீத வரியை நீங்களே செலுத்த வேண்டும். சிறு வணிகர்கள் விற்றுமுதலில் ஒரு நிலையான சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர்களுக்குப் பின்னர் விலக்கு தரப்பட்டது.

அட்வான்ஸ் தொகையை வங்கி வழியாகவே செலுத்துங்கள். காலி செய்து சாவியை ஒப்படைக்கும் அதே நாளில் அது திரும்பத் தரப்பட வேண்டும் என்றும், எதற்கெல்லாம் அதில் பிடித்தம் செய்யலாம் என்றும் எழுதிவிட்ட பிறகே பணத்தை அனுப்புங்கள்.